நடுச்சுவர்

குளியலறைக் கதவு சாத்த மாட்டேன் என்கிறது என்று சென்னியம்மாள் முதல் தடவை சொன்னபோது, குமரகுரு தச்சரைக் கூட்டிவந்து கதவின் அடியை இழைக்க வைத்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, கதவு மறுபடியும் தரையில் உரசி நின்றது. இரண்டாம் முறை வந்த தச்சர் இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நிலையின் மேல் மூலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"கதவு மேல தப்பில்லீங்க. நெலைதான் கோணிக்கிட்டுப் போவுது."

"மழைக்கு ஊறியிருக்கும்," என்றார் குமரகுரு.

"சிமெண்டு நெலைங்க. சிமெண்டு எங்கீங்க ஊறும்?"

குமரகுரு சிரித்து, அவரைக் கீழே அழைத்துப்போய் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

எடப்பாடியின் ஓரத்தில் இருக்கும் எங்கள் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். கீழே விசைத்தறி ஓடும் குடோன், மேலே குடித்தனம். விடிவதற்கு முன்னால் ஆரம்பிக்கும் தறிச்சத்தம் எங்கள் யார் காதிலும் விழுவதில்லை. கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் தொட்டில் குழந்தைகள் திடுக்கிட்டு விழித்து அழும்.

குமரகுருவின் அப்பா தன் மகன்கள் இரண்டு பேருக்கும் தெருவின் இரு பக்கமும் எதிரெதிரே இரண்டு குடோன் கட்டிவைத்துவிட்டுப் போனார். கிழக்கே பார்த்தது மூத்தவர் அர்த்தநாரிக்கு, மேற்கே பார்த்தது குமரகுருவுக்கு. ஒரே அளவு, ஒரே சூளையின் செங்கல், செம்மண் கலவை. ஓட்டுக் கூரையைத் தாங்க இரண்டிலும் நடுவில் ஒரு தடிமனான சுவர். பிறகு ஓட்டைப் பிரித்து காங்கிரீட் போட்டார்கள். அதன்மேல் வீடு எடுத்தார்கள். வீட்டின் மேல் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். ஏற்ற ஏற்ற அந்த நடுச்சுவர் தாங்கியது. தாங்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

குமாரபாளையம் பக்கம் ஒரு மில்லை மூடியபோது அகலத் தறிகள் விலைக்கு வந்தன. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கினார்கள். பழைய தறியில் துண்டு மட்டும்தான் நெய்யலாம். இதில் படுக்கை விரிப்பே நெய்யலாம். ஆனால் நடுச்சுவர் இருக்கும்வரை அந்தத் தறிகளைக் குடோனுக்குள் திருப்பி வைக்க இடமில்லை.

சேலத்திலிருந்து ஒரு இஞ்சினியர் வந்து பார்த்தார். மேலே குடியிருப்பவர்கள் காலி செய்ய வேண்டும், தறியை நிறுத்த வேண்டும், தளத்துக்கு முட்டுக் கொடுத்து, அடியில் தோண்டி, காங்கிரீட் தூண் எழுப்பி, அது இறுகிய பிறகுதான் சுவரில் கை வைக்க வேண்டும் என்றார்.

"அதுக்குள்ள தீவாளி நோம்பியே முடிஞ்சு போயிரும்," என்றார் அர்த்தநாரி. "நம்ம அன்பரசு எத்தனை குடோன்ல செவுத்த எடுத்திருக்கறான். எது உழுந்துபோச்சு?"

கொத்தனார் அன்பரசு ஆடி மாதத்தில் இரண்டு குடோனிலும் சுவரை எடுத்தார். மேலே குறுக்காக ஒரு இரும்புக் கர்டர், அதன் இரு முனைக்கும் அடியில் ஒவ்வொரு செங்கல் தூண். உடைத்த செங்கல்லை வெளியே சுமந்து கொட்டியது குமரகுருவின் தறிக்காரன் அங்கமுத்துவும் அவன் பெண்டாட்டி பூவாயியும். கூலி தனியாகக் கிடைத்தது என்று பூவாயி அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்து, பிறகு விடாமல் பெய்தது. நூல் ஈரம் இழுத்து, தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு இழைகள் அறுந்துகொண்டே இருந்தன. குமரகுரு எரிச்சலோடு மேலேயும் கீழேயும் ஏறி இறங்கினார். ஒரு நாள் காலையில் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது சென்னியம்மாள் தோசைக்கல்லைக் காட்டினாள்.

"இதப் பாருங்க. எண்ணெய் ஊத்துனா ஒரே பக்கமா ஓடுது."

"அடுப்பு கோணலா இருக்கும்."

"அடுப்ப மாத்தி வெச்சும் பாத்துட்டேனுங்க. தரைதான் சாஞ்சிருக்குது. அந்த ரூம்புல டைல்ஸ் ரெண்டு பேந்துக்கிட்டு நிக்குது. நேத்து படாருன்னு சத்தம் கேட்டுது. நானு குக்கருன்னு நெனச்சேன்."

"மழை நிக்கட்டும். அன்பரசக் கூப்புட்டுப் பாக்கறேன்."

"மழை நிக்கற வரைக்கும் தறிய நிறுத்தி வெக்கலாமுல்லீங்க?"

குமரகுரு தோசையைப் பிய்த்தபடி, "ஏறியிருக்கற பாவு இறங்கட்டும் சென்னி. பாதியில நிறுத்துனா யாவாரிக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். குரலில் கோபம் இல்லை. அவருக்கும் உள்ளூரப் பயம் இருந்திருக்க வேண்டும். அன்று காலையில் அவர் பாதித் தோசையோடு எழுந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பூவாயி குடிதண்ணீர் எடுக்கப் படியேறி வந்தாள். கீழே தூண் ஓரத்தில்தான் அவள் தார் சுற்றும் மிஷின் இருந்தது. ஊடை நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றுகிற வேலை. தலையெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"என்ன பூவாயி, மாவு மில்லுக்குப் போயிட்டு வந்தவளாட்ட இருக்கறே?"

"பூச்சு உதுருதுங்கக்கா. தட்டித் தட்டி உடறேன், மறுக்கா உழுவுது. காத்தால சோத்துப்போசியத் தொறந்தா அதுக்குள்ளயும் மண்ணு."

"எங்க உதுருது?"

"அந்தத் தூணுமேலதானுங்க, இரும்பு குந்தியிருக்கற எடத்துல."

சென்னியம்மாள் அவள் தலையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அரிசிம்பருப்புச் சோறு ஒரு கிண்ணத்தில் போட்டு, நெய் விட்டுக் கையில் கொடுத்தாள்.

"இங்கயே உக்காந்து தின்னுட்டுப் போ. நானு அவருகிட்டச் சொல்றேன்."

"சொல்லுங்கக்கா. மிஷினை அக்கட்டால நகத்திப் போட்டாப் போதும்," என்று சொல்லி, பூவாயி நின்றபடியே தின்று, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

சென்னியம்மாள் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதே பதில்தான் வரும் என்று தெரியும். அண்ணன் சொன்னால் கேட்பார், அதனால் அர்த்தநாரியிடமே முறையிடலாம் என்று நினைத்தாள். மதியத்துக்கு முன்னால் கரண்ட் போனது. தெரு முழுக்கச் சத்தம் அடங்கியது. அந்த நேரம் பார்த்து, குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். குமரகுரு குடோன் வாசற்படியில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அங்கமுத்து நூல் மூட்டை எடுத்துவர டெம்போவோடு போயிருந்தான். உள்ளே பூவாயி மட்டும் இருந்தாள்.

சென்னியம்மாள் தெருவின் நடுவில் இருக்கும்போது கரண்ட் வந்தது. தறிகள் எல்லாம் ஒன்றாக அடித்துக்கொண்டு கிளம்பின. அர்த்தநாரியின் வாசலில் அவள் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது தன் வீட்டு மாடி ஜன்னல் அவள் கண்ணுக்கு நேராக இறங்கி வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் தண்ணீர்த் தொட்டி. பிறகு தெருவே புழுதியில் மறைந்தது. அந்த மழையிலும் அவ்வளவு புழுதி.

குமரகுருவை வாசற்படி அருகிலேயே எடுத்துவிட்டார்கள். தோள்பட்டை எலும்பும் ஒரு காலும் உடைந்திருந்தன. ஆம்புலன்சில் ஏற்றும்போது, "பூவாயி, பூவாயி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் தெருக்காரர்களே கை வைத்துவிட்டார்கள். தறிக்காரர்கள், பாவு பிணைக்கிறவர்கள், எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாரும் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே போட்டார்கள். செங்கல்லில் ஒட்டியிருந்த செம்மண் மழையில் கரைந்து எல்லார் வேட்டியும் சிவப்பாகிவிட்டது. மேல் தளம் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்ததால் ஜேசிபியை உள்ளே விடப் பயந்தார்கள்.

அங்கமுத்து நூல் மூட்டைகளோடு வந்து இறங்கினான். சரிந்த தளத்தின் இடுக்கில் படுத்து உள்ளே பார்த்தான்.

"கை தெரியுது," என்றான். "வளையல் தெரியுது."

தளம் அவள்மேல் நேராக விழவில்லை. தறி தாங்கிப் பிடித்திருந்தது. ஆனால் கிழிந்து சுருண்ட பாவு அவளைச் சுற்றிக் கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. இழுத்தால் வரவில்லை. யாரோ பிளேடு கொடுத்தார்கள். தறிக்காரனுக்குப் பாவை அறுப்பதென்றால் மனசு வராது. ஒரு இழை அறுந்தாலே உட்கார்ந்து முடிச்சுப் போட்டுவிடுகிற கை அது. அங்கமுத்து படுத்தபடியே நனைந்த நூலைக் கொத்துக் கொத்தாக அறுத்துத் தள்ளினான். பச்சையும் நீலமுமாக நூல் வெளியே வந்துகொண்டிருந்தது. அறுத்து முடித்து அவளை வெளியே இழுத்தபோது பொழுது இறங்கிவிட்டது. முகத்தில் காயமே இல்லை. வாய் நிறையச் சுண்ணாம்பும் மண்ணும்.

சென்னியம்மாள் தன் முந்தானையால் அந்த வாயைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மண் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பெண்கள் அவளைப் பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது.

வீடு போய்விட்டது. குமரகுரு சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகன் ஜீவானந்தம் பெங்களூரிலிருந்து வந்து அப்பாவோடு இருந்தான். சென்னியம்மாளை அர்த்தநாரி தன் வீட்டு மாடியில் இருக்கச் சொன்னார். அவர் மருமகள் பிரீத்தி பாய் போட்டுக் கொடுத்தாள், மாற்றுச் சேலை கொடுத்தாள். பிரீத்தியின் புருஷன் சந்தோஷ்குமார் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தான். பெண்குழந்தை கனிஷ்கா இப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது.

பூவாயியை எடுத்த மறுநாளே அர்த்தநாரியின் குடோனில் தறி ஓடியது. சென்னியம்மாள் மாடியில் பாயில் படுத்திருந்தாள். தரையில் காது வைத்த மாதிரி அந்த ஆட்டம் அவள் எலும்பில் ஏறியது. இத்தனை வருஷம் அவள் அதை உணர்ந்ததே இல்லை. எழுந்து சுவரோரமாக நடந்து பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால், கர்டர் போகிற இடத்துக்கு நேர் மேலே, சுவரில் ஒரு வெடிப்பு. அதில் பிரீத்தி காலண்டர் மாட்டியிருந்தாள்.

"இது எப்பருந்து இருக்குது கண்ணு?"

"மழைக்கு முன்னாடியே இருந்துதுங்க சின்னத்தை. மாமாகிட்டச் சொன்னேன். பூச்சு வெடிப்புன்னு சொல்லிட்டாருங்க."

அன்று மாலை அர்த்தநாரியின் கூடத்தில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரிகள் வந்து விசாரிக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. அர்த்தநாரி சென்னியம்மாளைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் எப்போதும் மரியாதையான மனிதர்தான்.

"அம்மிணி, நாளைக்கு வருவாங்க. கேப்பாங்க. பழைய கட்டடம், வாரக்கணக்கா மழை, செவுரு ஊறி உழுந்துபோச்சு. அவ்வளவுதான். எல்லாரும் இதையேதான் சொல்லப்போறோம்."

"நடுச்செவுத்த எடுத்தத?"

"அத எதுக்கு இப்ப பேசோணும்? சொன்னா குமரகுருவத் தூக்கி உள்ள வெப்பான். ஒடைஞ்ச காலோட செயில்ல கெடப்பானா?"

"உங்க குடோன்லயும் எடுத்திருக்கறோமுங்களே, மாமா."

அர்த்தநாரி தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"அதுக்கென்ன?"

"தறிய நிறுத்துங்க. பிரீத்தியையும் புள்ளையையும் அவ அம்மா ஊட்டுக்கு அனுப்பிச்சு வெய்யுங்க. அதே கர்டரு, அதே தூணு. அதே ஆளு கட்டுனதுங்க."

"உன்ற ஊடு மழையோட ஓதக்காத்து அடிக்கற பக்கம். நம்மது அப்படியில்ல," என்றார் அர்த்தநாரி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மிணி, உனக்கு மனசு நொந்துபோயிருக்குது. போய்ப் படு. பயப்படறவங்க பேச்சக் கேட்டு எல்லாரும் தறிய நிறுத்துனா, இந்தத் தெருவுல ஒரு அடுப்பு எரியாது."

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. தெருவில் முக்கால்வாசிக் குடோனில் அன்பரசு கை வைத்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் அவள் அங்கமுத்துவின் வீட்டுக்குப் போனாள். ஏரிக்கரைப் பக்கம் ஒற்றை அறை. திருச்செங்கோட்டில் நர்சிங் படிக்கிற மகள் வந்து அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அங்கமுத்து வாசலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தான். சென்னியம்மாளும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அங்கமுத்து, உங்கிட்ட வந்து பேசுனாங்களா?"

"பேசுனாங்க. மழையின்னு சொன்னா கவருமெண்டு ஒதவி சீக்கிரம் வருமாமா. செவுத்தப் பத்திப் பேசுனா கேசு கோர்ட்டுன்னு இழுக்குமாமா."

"நீ என்ன சொன்னே?"

"தலைய ஆட்டுனேனுங்க." அவன் கைகளைப் பார்த்துக்கொண்டான். பிளேடு கிழித்த கோடுகள் விரல்களில் காயாமல் இருந்தன. "அந்தச் செவுத்த ஒடைச்சப்பக் கல்லுச் செமந்தவளே அவதானுங்களே, அக்கா. நானுந்தான் செமந்தேன். எங்களுக்கென்ன தெரியும்? கூலி குடுத்தாங்க, செமந்தோம்."

"நானு உள்ளத சொல்லலாமுன்னு இருக்கறேன்."

அவன் தரையில் கிடந்த நூலைப் பொறுக்கி விரலில் சுற்றினான்.

"சொன்னா அவ வருவாளுங்களா?"

"வரமாட்டா."

"அப்பறம்?"

"எதிர்க்குடோன்லயும் செவுரு இல்லை. அங்க தார் போடற பொம்பளைக்கும் தலையில பூச்சு உதுருதாமா. நேத்துக் கேட்டுட்டு வந்தேன்."

உள்ளே மகள் அடுப்பை ஊதுவதை நிறுத்தியிருந்தாள். அங்கமுத்து எழுந்து வேட்டியை உதறிக் கட்டினான். "எனக்கு எதுவும் தெரியாதுங்கக்கா. உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யுங்க. உதவி வந்தா வருது, போனாப் போவுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அங்கிருந்து நேராக அவள் சேலத்துக்குப் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரி வார்டில் குமரகுரு மல்லாந்து படுத்திருந்தார். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். ஜீவானந்தம் அம்மாவைப் பார்த்ததும் மருந்து வாங்குகிற சாக்கில் வெளியே போனான்.

"மழையின்னு சொல்லச் சொல்றாங்க," என்றாள் சென்னியம்மாள்.

"அண்ணன் போன் பண்ணுச்சு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"என்னத்தச் சொல்றது? அதுதான் எல்லாருக்கும் நல்லது."

"பிரீத்தி அந்தக் குடோனுக்கு மேலதான் புள்ளையத் தூங்க வெக்கறா."

"அண்ணன் தூணு நல்லாத்தான் நிக்குது."

"நம்மதுந்தான் நின்னுச்சுங்க, அன்னிக்கு மத்தியானம் வரைக்கும்."

குமரகுரு கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. கை அசைக்க முடியாததால் அவரால் துடைக்க முடியவில்லை. அவள் துடைத்துவிட்டாள்.

"சென்னி, நீ எதும் பேசாத. என்னால உள்ள போயி இருக்க முடியாது. பேசாத."

அவள் தலையணையைச் சரிசெய்து, கொண்டுவந்த கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினாள். கிண்ணம் காலியானதும் கிளம்பினாள். பஸ்ஸில் மகுடஞ்சாவடி தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தாள் என்று அதே பஸ்ஸில் வந்த எங்கள் தெருக்காரப் பெண் பிறகு சொன்னாள்.

அவள் வந்து சேர்ந்தபோது அதிகாரிகள் வந்திருந்தார்கள். தாசில்தாரம்மா, அரசாங்க இஞ்சினியர் ஒருவர், போலீஸ் இன்ஸ்பெக்டர். இடிபாட்டைச் சுற்றி ஊரே நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. அர்த்தநாரி பேசிக்கொண்டிருந்தார். பழைய கட்டடமுங்க, மண் கலவைங்க, விடாத மழைங்க. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

சென்னியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நின்றாள்.

"மழை இல்லீங்க," என்றாள்.

"அம்மிணி," என்றார் அர்த்தநாரி.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. "நடுவுல ஒரு செவுரு இருந்துச்சுங்க. ஆடி மாசத்துல அத எடுத்துப்போட்டோமுங்க, பெரிய தறி வெக்கறதுக்கு. இப்படி எடுக்கக்கூடாது, உழுந்துபோயிருமுன்னு ஒரு இஞ்சினியரு வந்து சொன்னாருங்க. நாங்க கேக்கல. நானுந்தான் கேக்கல. பெரிய தறி வந்தா நல்லா இருப்போமுன்னு ஆசைப்பட்டேன். அப்பறம் கதவு சாத்தல, தரை சாஞ்சுது, பூச்சு உதுந்துது. அப்பவும் தறிய நிறுத்தல."

தாசில்தாரம்மா, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

"இந்த ஊட்டுக்காரிதானுங்க. எங்க ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரில இருக்கறாரு. அவருக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா மொதல்ல எதிர இருக்கற குடோன நிறுத்துங்க. அங்கயும் செவுரு இல்லீங்க. இப்பக்கூட ஓடுது, கேக்குதுங்களா? மேல புள்ளை இருக்குது."

கேட்டது. நாங்கள் எல்லாரும் அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் காதில் வாங்கினோம். இஞ்சினியர் எதிர்க்குடோனுக்குள் போனார். போன வேகத்தில் வெளியே வந்து, மெயினை இறக்கச் சொல்லிக் கத்தினார். பிரீத்தி இடுப்பில் குழந்தையோடும் கையில் பால் டம்ளரோடும் படியிறங்கி வந்தாள். செருப்புப் போடவில்லை. நேராக வந்து சென்னியம்மாளின் பக்கத்தில் நின்றுகொண்டாள். அர்த்தநாரி இரண்டு பேரையும் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நல்லது என்று எதுவும் நடக்கவில்லை. குமரகுருவைக் கால் எலும்பு சேருவதற்கு முன்னாலேயே கைது செய்து, ஆஸ்பத்திரியிலேயே காவல் போட்டு, பிறகு ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். கொத்தனார் அன்பரசுவையும் பிடித்தார்கள். தெருவில் நடுச்சுவர் எடுத்த குடோன்களுக்கெல்லாம் சீல் வைத்தார்கள். தறிக்காரர்கள் பள்ளிபாளையத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் வேலை தேடிப் போனார்கள். அங்கமுத்துவும் மகளுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று பள்ளிபாளையம் போய்விட்டான்.

அர்த்தநாரியின் கட்டடம் விழவில்லை. அதுதான் சென்னியம்மாளுக்குப் பெரிய தண்டனையாகிவிட்டது. கார்த்திகை மழையும் பெய்து ஓய்ந்தது, கட்டடம் அப்படியே நின்றது. "நின்னுக்கிட்டுத்தான இருக்குது?" என்று அவள் காதுபடவே பேசினார்கள். நிற்கிற கட்டடத்துக்காகக் கட்டின புருஷனை ஜெயிலுக்கு அனுப்பியவள் என்றார்கள். ஜீவானந்தம் பெங்களூரிலிருந்து அப்பாவின் வக்கீலுக்குப் பேசினான், அம்மாவுக்குப் பேசவில்லை. அவள் ஊரின் மறுகோடியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து, யாருடைய குடோனிலோ தார் போடப் போனாள். பூவாயி செய்த அதே வேலை. சந்தையில் ஒரு நாள் பிரீத்தி எதிரே வந்தாள். மாமியார் பக்கத்தில் இருந்ததால் பேசவில்லை. குழந்தையை மட்டும் இறக்கிவிட்டாள். கனிஷ்கா தானாக நடந்துவந்து சென்னியம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

மார்கழிக் கடைசியில் குமரகுரு ஜாமீனில் வந்தார். அந்த ஒற்றை அறைக்குத்தான் வந்தார். வேறு போக்கிடம் இல்லை. அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டார். வெந்நீர் வைத்துக் கொடுத்தால் குளித்தார். பேசவில்லை. உடைந்த கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அதை இழுத்துக்கொண்டு வாசலுக்கும் அறைக்கும் நடந்தார்.

தை பிறந்ததும் அர்த்தநாரி தன் கட்டடத்தைச் சரிசெய்ய அனுமதி வாங்கினார். சேலத்து இஞ்சினியர் அன்று சொன்னபடியே எல்லாம் நடந்தது. மாடியைக் காலி செய்து, தளம் முழுக்க இரும்பு முட்டுக் கொடுத்து, அடியில் தோண்டிக் காங்கிரீட் தூண் எழுப்பினார்கள். பழைய செங்கல் தூண்களை உடைக்கிற அன்றைக்கு வரச்சொல்லி அண்ணன் ஆள் அனுப்பினார். குமரகுரு போனார்.

மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றார். வலது கையில் விரல் முதல் முழங்கை வரை செம்மண் அப்பியிருந்தது. சென்னியம்மாள் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். அவர் கையை நீட்டவில்லை.

"பூச்ச ஒடைச்சாங்க," என்றார். அவளிடம் அவர் பேசி மூன்று மாதத்துக்கு மேலாகியிருந்தது. "வெளிய பாத்தாத் தூணு நல்லாத்தான் இருந்துச்சு. பூச்ச எடுத்தா உள்ள வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. நானு கைய உட்டேன். இது வரைக்கும் போச்சு."

முழங்கையைக் காட்டினார்.

"மாமா என்ன சொன்னாருங்க?"

"சீக்கிரம் இடிச்சு அள்ளுங்கடான்னாரு. நாலு பேரு பாக்கறதுக்கு முன்ன."

இப்போது அவர் கையை நீட்டினார். அவள் தண்ணீர் ஊற்ற, அந்த மண் கரைந்து வாசலில் ஓடியது.

"அங்கமுத்து இப்ப எங்க இருக்கறான்?"

"பள்ளிபாளையத்துலைங்க."

"சேலைய மாத்திக்கிட்டு வா."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. அங்கமுத்து வேலை செய்கிற குடோனைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார்கள். யாரோ உள்ளே போய்ச் சொல்ல, அவன் தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு வெளியே வந்தான். குமரகுருவின் காலைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். பூவாயி செத்த பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்பது அதுதான் முதல் தடவை.

"செவுத்த எடுக்கச் சொன்னது நானு, அங்கமுத்து," என்றார் குமரகுரு. "தூணு தாங்காதுன்னு எனக்குத் தெரியும். கோர்ட்டுலயும் இதையேதான் சொல்லப்போறேன். அதுக்கு முன்ன உங்கிட்டச் சொல்லோணும்னு வந்தேன்."

உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கமுத்து கையிலிருந்த நூல் கழிவை உருட்டிக்கொண்டே நின்றான். கோபம் வரும் என்று சென்னியம்மாள் நினைத்தாள். வந்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?" என்றான் கடைசியில். அவன் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் பார்த்தான். "அன்னிக்குக் காத்தால அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எந்திரிச்சு வெளிய வந்திருப்பாளுங்க."

அவன் ஓட்டுகிற தறியில் இழை அறுந்துவிட்டது என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அங்கமுத்து உள்ளே போனான்.